பல்நோவு தவிர்த்த பெருந்தகை

உடற்கு வரும் துன்பங்களுள் பல்வலி பொல்லாதது. அதனினும் பொல்லாதது, பண்டு பல்லைப் பிடுங்கும்போது உண்டான நோவு. மருத்துவர் குறட்டைக் கையில் எடுத்த அளவிலேயே நோயாளர் நடுங்குவர். அவ்வச்சத்தால் பல்வலியையே பன்னாள் பொறுத்திருந்தவரும் பலர். இத்துன்பம் நீங்க வழி கண்டவர்களுள் முதன்மையானவர், ஹொரேஸ் வெல்ஸ் என்னும் அமெரிக்கப் பல் மருத்துவர்.

வெல்ஸ், 1815ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 21ஆம் நாள், அமெரிக்க நாட்டின் வெர்மாண்ட் மாநிலத்திற் பிறந்தார். பாஸ்டன் நகரில் பல் மருத்துவம் பயின்றார். 1836இல் கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்போர்டு நகரில் தொழில் தொடங்கினார். பற்களைப் பேணும் முறையை விளக்கி 1838இல் சிறு நூல் ஒன்றும் எழுதினார். நோயாளர் படும் வேதனை அவர் உள்ளத்தை வருத்திக்கொண்டே இருந்தது.

1844ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள், கோல்ட்டன் என்பவர் அந்நகரில் ஒரு காட்சி நடத்தினார். நைட்ரஸ் ஆக்ஸைடு என்னும் வாயுவை முகர்ந்தவர்கள் தம்மை மறந்து சிரித்தும் ஆடியும் களிப்பதே அக்காட்சி. அதனால் அதனைச் சிரிப்பூட்டும் வாயு என்றும் வழங்குவர். அது வலியைப் போக்கவல்லது என்று ஹம்ப்ரி டேவி என்னும் ஆங்கில அறிஞர் 1800இலேயே எழுதியிருந்தார். அக்குறிப்பு ஏட்டளவில் உறங்கிக் கிடந்தது.

அன்று அவ்வாயுவை முகர்ந்த கூலி என்னும் இளைஞர், நிலைமறந்து ஓடிக் காலிற் காயமுற்றார். குருதி வழிந்தது, அவரோ நோவை உணரவில்லை. ஏனையோர் வேடிக்கையைக் கண்டு நகைத்தனர். வெல்ஸ் ஒருவரே அதனுள் பொதிந்த உண்மையைக் கண்டார். புதிய முறையை முதலிற் பிறர் உடலில் ஆய்ந்து பார்க்க அவர் மனம் ஒருப்படவில்லை. மறுநாளே கோல்ட்டன் தந்த வாயுவைத் தாமே முகர்ந்தார். ரிக்ஸ் என்னும் பல் மருத்துவர் அவருடைய கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். நோவு தோன்றவில்லை! அடுத்த சில வாரங்களில் நோயாளர் பலர்க்கு அம்முறையாற் பல் எடுத்தார். அதனைத் தம் தனியுடைமையாக்கிப் பொருள் குவிக்க அவர் எண்ணவில்லை.

1845ஆம் ஆண்டு ஜனவரியில், பாஸ்டன் நகர மருத்துவ மாணவர் முன்னிலையில் இதனை மெய்ப்பிக்க முற்பட்டார். வாயுப்பை உரிய நேரத்திற்கு முன்னரே அகற்றப்பட்டமையால் நோயாளர் வாய்விட்டு அலறினார். கூடியிருந்தோர் வெல்ஸை ஏமாற்றுக்காரர் என எள்ளினர். தமக்குப் பெருநோவு உண்டாகவில்லை என்று அந்நோயாளர் பின்னர்க் கூறியும், நேர்ந்த பழி நேர்ந்ததே. மறு ஆண்டு, அவருடைய மாணவராய் இருந்த மார்ட்டன், அதே நகரில் ஈதர் என்னும் மருந்தை முகரச்செய்து, அறுவை மருத்துவத்தை நோவின்றி நிகழ்த்தக் காட்டிப் புகழ் பெற்றார்.

மனம் நைந்த வெல்ஸ் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. நியூயார்க் நகரில் குளோரோபாரம் என்னும் மருந்தைத் தம்மீதே மீண்டும் மீண்டும் ஆய்ந்தார். அந்தோ! அதனால் அவர் அறிவு திரிந்தது. தம் வயமிழந்த நிலையிற் பிறர்க்கு ஊறு செய்து சிறைப்பட்டார். 1848ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் நாள், தம் 33ஆவது வயதில், சிறையிலேயே அவர் வாழ்வு முடிந்தது. சின்னாட்களில், நோவின்றி மருத்துவம் செய்யும் முறையைக் கண்ட பெருமை வெல்ஸுக்கே உரியது எனப் பாரிஸ் மருத்துவச் சங்கம் கருதிய செய்தி வந்து சேர்ந்தது. அதனைக் கேட்க அவர் இலர்.

எனினும், உண்மை அழியவில்லை. 1863இல் கோல்ட்டன் அம்முறையை மீண்டும் வழக்கிற்குக் கொணர்ந்தார். அடுத்த ஆண்டு அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமும் வெல்ஸின் உரிமையை ஒப்புக்கொண்டது. 1875இல் ஹார்ட்போர்டு நகரப் பூங்காவில் அவருக்குச் சிலை எழுந்தது.

இந்நாளில் அவ்வாயுவைத் தனியே தராமல், ஆக்ஸிஜனோடு அளவறிந்து கலந்து, மூக்கின்மேற் பொருத்திய மூடியின் வழியாகச் செலுத்துகின்றனர். நோயாளர் உறங்குவதில்லை, வினவியதற்கு விடையும் கூறுவர், அச்சம் மட்டும் தணிந்திருப்பர். பணி முடிந்ததும் ஆக்ஸிஜனை மட்டும் சிறிது நேரம் முகர்ந்து தெளிவுறுவர். பல் நோவினைப் போக்க ஊசி மருந்து தனியே உண்டு. பல் மருத்துவரைக் கண்டாலே அழும் குழந்தையும் இன்று அஞ்சாது வாய் திறக்கின்றதெனின், பிறர் நோவைத் தம் நோவாக எண்ணித் தம்மையே முதலிற் சோதனைக்கு ஈந்த அப்பெருந்தகையை நாம் நன்றியோடு நினைத்தல் வேண்டும்.