கழனியும் கோட்டையும்

காஞ்சிபுரம் என்றதும் பட்டுத்தறியும் கோயில் கோபுரமும் நினைவுக்கு வருவது இயல்பு. ஊர் எல்லையைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் வேறொரு காஞ்சியைக் காணலாம். ஏரிக்கரைகளும் மதகுகளும் அவற்றின்கீழ் விரிந்த நெல்வயல்களுமே அந்தக் காஞ்சி. தென்னேரி, உத்திரமேரூர், மதுராந்தகம் எனத் தொடரும் நீர்நிலைகளால் இப்பகுதி ஏரி மாவட்டம் என்றே பெயர் பெற்றது.

இந்த வயல்களுக்குக் கசப்பான வரலாறு ஒன்று உண்டு. 1763இல் ஆர்க்காட்டு நவாபு இப்பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகிராக வழங்கினார். 1802இல் கம்பெனி நிலையான நிலவரித் திட்டத்தைப் புகுத்தியபோது, ஜாகிர் நிலங்கள் மிட்டாக்களாகப் பிரிக்கப்பட்டு ஏலத்தில் விடப்பட்டன. ஏலம் எடுத்தவர் மிட்டாதார் ஆனார். தலைமுறை தலைமுறையாக உழுதவர் அவருக்கு வாரம் அளக்கும் குடியானவர் ஆனார். இங்கே பெரும்பாலான மிட்டாக்கள் விரைவிலேயே முறிந்துபோயின. அரசே உழவரிடம் நேரடியாக வரி பெறும் இரயத்துவாரி முறை அவற்றின் இடத்தில் வந்தது. ஆனால், சென்னை மாகாணத்தின் பிற பகுதிகள் பலவற்றில் ஜமீன்தாரி முறை ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு வேரூன்றி நின்றது. அதனை ஒழிக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தவர், காஞ்சிக்குத் தெற்கே வந்தவாசியைத் தாண்டித் திண்டிவனத்திற்கு அருகில் உள்ள ஒரு சிற்றூரின் உழவர். அவர்தான் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார். தமிழகம் அவரை ஓமந்தூரார் என ஊர்ப்பெயராலேயே அழைத்தது.

அவர் 1895 பிப்ரவரி 1ஆம் நாள் பிறந்தார். திண்டிவனத்தில் பள்ளிக் கல்வி பயின்றார். அக்காலத்து அரசியல் தலைவர்கள் பலரைப்போலச் சட்டம் பயின்று வழக்கறிஞர் அங்கியை அணியாமல், கழனிக்கே திரும்பினார். ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும்: அவர் ஏழை உழவர் அல்லர், நிலபுலம் உள்ள குடும்பத்தில் தோன்றியவர். ஆயினும் நிலத்தை ஆள்விட்டுப் பார்க்கும் நிலக்கிழாராக அவர் வாழவில்லை. பருவம் தப்பாமல் விதைப்பதும் கிணற்று நீரைக் கணக்கிட்டுப் பாய்ச்சுவதும் மாடுகளின் நோய்நொடி அறிவதும் அவருடைய அன்றாட வேலைகள். திண்டிவனம் வட்டாரம் மானாவாரிப் பூமி. மல்லாட்டை என்று மக்கள் வழங்கும் நிலக்கடலையே அங்கு உழவரின் கையில் காசு தரும் பயிர். டி.எம்.வி. என்னும் எழுத்துகளோடு பெயர் தொடங்கும் நிலக்கடலை இரகங்கள் திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்தில் உருவானவையே. ஒரு மழை பொய்த்தால் கடன், மறு மழையும் பொய்த்தால் நில அடமானம் என்பதே அம்மண்ணின் கணக்கு. கோட்டைக்குள் நுழைவதற்கு முன்பே ஓமந்தூரார் அந்தக் கணக்கைப் படித்திருந்தார்.

காந்தியடிகளின் அழைப்பு அவரையும் ஈர்த்தது. கதர் உடுத்தினார், தென்னார்க்காடு மாவட்டத்தில் காங்கிரசு இயக்கத்தை வளர்த்தார், சிறை சென்றார். மேடைப்பேச்சால் அவர் பெயர் பெறவில்லை. ஏற்ற பொறுப்பைக் கணக்குப் பிசகாமல் செய்பவர் என்னும் நம்பிக்கையே அவருக்குச் செல்வாக்கைத் தந்தது.

அந்த நம்பிக்கை, அவர் நாடாத ஓரிடத்தில் அவரைக் கொண்டுபோய் அமர்த்தியது. 1946இல் அமைந்த த. பிரகாசத்தின் அமைச்சரவை, கட்சிக்குள் மூண்ட பூசலால் ஓராண்டுக்குள் கவிழ்ந்தது. எந்த அணியின் ஆரவாரத்திலும் சேராத ஒருவர் தேவைப்பட்டபோது, சட்டமன்றக் காங்கிரசு கட்சி ஓமந்தூராரைத் தேர்ந்தது. தயங்கித் தயங்கியே அவர் இசைந்தார். 1947 மார்ச் 23இல் முதலமைச்சர் பொறுப்பை ஏற்றார். வடக்கே ஒரிசா எல்லை முதல் மேற்கே மலபார் வரை விரிந்து, தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் என நான்கு மொழிகள் வழங்கிய பெரும் மாகாணம் அது. உணவுப் பங்கீட்டுக் கடைகளின் முன் மக்கள் வரிசையில் நின்ற காலமும் அதுவே. நாடு விடுதலை பெற்ற 1947 ஆகஸ்டு 15 அன்று, அம்மாகாணத்தின் தலைமைப் பொறுப்பில் ஓர் உழவர் இருந்தார்.

அவர் கையில் எடுத்த பணிகளுள் முதன்மையானது நிலச்சிக்கல். ஜமீன்தாரி முறையின் கொடுமை காஞ்சியின் கூலி நெசவை அறிந்தோர்க்கு எளிதில் விளங்கும். தறி நெசவாளியின் வீட்டில் இருக்கும், கைத்திறனும் அவருடையது. பாவும் ஊடையும் சரிகையும் முதலாளியுடையவை. சேலை அறுபட்டதும் நெசவாளிக்குக் கூலி, சேலை முதலாளிக்கு. ஜமீன் குடியானவரின் நிலை இதனினும் இறங்கியது. ஏர் அவருடையது, மாடு அவருடையது, விதையும் வியர்வையும் அவருடையவை. பயிர் விளைந்தாலும் கருகினாலும் ஜமீனுக்குரிய வாரமோ தீர்வையோ நின்றுவிடாது. ஜமீன்தார் அரசுக்குக் கட்டும் பேஷ்குஷ் தொகை 1802ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி என்றைக்கும் மாறாதது. குடியானவர் ஜமீன்தாருக்குக் கட்டும் தொகையோ பல இடங்களில் ஏறிக்கொண்டே போயிற்று. இரு தொகைகளுக்கும் இடைப்பட்டதே ஜமீனின் வருவாய். ஏரிகளையும் கண்மாய்களையும் செப்பனிட வேண்டிய கடமையும் ஜமீனுக்கு இருந்தது. வருவாயில் காட்டிய அக்கறையைக் கடமையில் காட்டியவர் சிலரே. தூர்ந்த கண்மாயின்கீழ் விளைச்சல் குன்றியபோதும் தண்டல்காரர் வருவது தவறவில்லை.

பக்கத்து ஊர் இரயத்துவாரியாக இருந்தால் வேறுபாடு இன்னும் துலக்கமாகத் தெரியும். ஒரே மண், ஒரே மழை. ஆயினும் வரப்புக்கு அந்தப் பக்கம் உள்ளவர் அரசுக்குக் கட்டும் தீர்வையைப்போல் இரு மடங்கும் அதற்கு மேலும் இந்தப் பக்கம் உள்ளவர் கட்டவேண்டிய ஊர்கள் இருந்தன.

இக்குறையை முதலில் கண்டவர் ஓமந்தூரார் அல்லர். 1937இல் அமைந்த இராஜாஜி அமைச்சரவையில் வருவாய் அமைச்சராக இருந்த பிரகாசம் தலைமையில் ஒரு குழு இதனை ஆராய்ந்து 1938இல் விரிவான அறிக்கை அளித்தது. அடுத்த ஆண்டு உலகப் போர் மூண்டது. அமைச்சரவை பதவி விலகியது. அறிக்கை அலமாரிக்குள் உறங்கியது. 1947இல் அதற்கு உயிர் வந்தது.

ஓமந்தூரார் அரசு ஒரே தாவலில் முடிவைத் தொட முயலவில்லை. உழவர் நடவுக்கு முன் சேறு கலக்குவதைப்போல, முதலில் 1947இல் வாரக் குறைப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஜமீன் ஊர்களில் வாங்கப்படும் தொகையை அண்டையிலுள்ள இரயத்துவாரி ஊர்களின் தீர்வையோடு ஒப்பிட்டு, அந்த அளவுக்குக் குறைக்க அச்சட்டம் வழிசெய்தது. ஜமீன் ஒழியும் நாள்வரை உழவர் காத்திருக்க வேண்டியதில்லை. சுமை உடனே இறங்கும். சுமை இறங்கினால் ஜமீனின் வருவாயும் இறங்கும். பின்னர் அரசு ஜமீனை எடுத்துக்கொள்ளும்போது, கொடுக்கவேண்டிய ஈட்டுத்தொகைக்கும் அது ஒரு நியாயமான அளவுகோலாகும். களத்துமேட்டில் மரக்கால் பிடித்துப் பழகியவரின் முன்யோசனை இதில் தெரிகிறது.

அடுத்து வந்ததே 1948ஆம் ஆண்டின் 26ஆம் எண் சட்டம். எஸ்டேட்டுகளை ஒழித்து இரயத்துவாரி நிலங்களாக மாற்றும் சட்டம் அது. அச்சட்டத்தின்படி ஜமீன் முழுவதும், அதிலுள்ள ஏரி, கால்வாய், காடு, புறம்போக்கு ஆகியவற்றோடு அரசுக்கு உரியதாகும். உழுதுவந்த குடியானவர் தம் பெயரில் பட்டா பெறுவார். ஜமீன்தாருக்கு ஈடு உண்டு. ஆனால் எல்லார்க்கும் ஒரே அளவில் இல்லை. ஆண்டு வருவாய்க் கணக்கின் அடிப்படையில் சிறிய ஜமீன்களுக்கு 30 மடங்கும், பெரிய ஜமீன்களுக்கு மடங்கு படிப்படியாகக் குறைந்து 12½ மடங்கும் வழங்கப்படும். இத்தனை பெரிய உடைமை மாற்றம் துப்பாக்கியின்றி, சட்டமன்ற விவாதத்தின் வழியே நடந்தது என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

சட்டம் எட்டாத இடங்களும் இருந்தன. ஜமீன் அல்லாத இரயத்துவாரிப் பகுதிகளில், குறிப்பாகத் தஞ்சையில், மிராசுதாரரிடம் குத்தகைக்கு உழுதோரும் பண்ணையாள்களும் இச்சட்டத்தால் பயன் பெறவில்லை. அவர்கள் 1952ஆம் ஆண்டின் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்திற்கும் 1955ஆம் ஆண்டின் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்திற்கும் காத்திருக்க நேர்ந்தது. நிலத்திற்கு உரிமை கேட்டவர்களுள் ஒரு சாரார்க்கே 1948 விடை அளித்தது. ஓமந்தூராரைப் போற்றும்போது இதனையும் சேர்த்தே நினைப்பது முறை.

நிலத்திற்கு அடுத்து அவர் அரசு கை வைத்தது கோயில் வாசலில். 1939ஆம் ஆண்டுச் சட்டம், கோயில் பொறுப்பாளர் இசைந்தால் ஒடுக்கப்பட்டோர் உள்ளே செல்லலாம் என்ற அளவில் நின்றது. 1947ஆம் ஆண்டின் ஆலய நுழைவுச் சட்டம் அதனை உரிமையாக்கியது. வரதராசர் கோயிலும் ஏகாம்பரநாதர் கோயிலும் காமாட்சியம்மன் கோயிலும் உள்ள காஞ்சியில், அவற்றின் நிலங்களை உழுது நெல் அளந்தும் சன்னிதியைக் காணாதிருந்த மக்களுக்கு அதன் பொருள் என்ன என்பதைச் சொல்லவேண்டியதில்லை. கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தைத் தடைசெய்த சட்டமும் அதே ஆண்டில் நிறைவேறியது. அதற்காக மருத்துவர் முத்துலட்சுமி நெடுங்காலம் போராடியிருந்தார். 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. பாரதியாரின் படைப்புரிமையை அரசு பெற்றுப் பொதுவுடைமையாக்கும் முடிவும் அவர் ஆட்சிக்காலத்ததே.

இவ்வளவும் இரண்டே ஆண்டுகளில் நடந்தன. பரிந்துரைக் கடிதத்தோடு கோட்டைக்கு வரும் கட்சிக்காரர்களை அவர் ஊக்குவிக்கவில்லை. பணி நியமனத்திலும் உரிமம் வழங்குவதிலும் சட்டமன்ற உறுப்பினர்கள் தலையிடுவது அவருக்குப் பிடிக்காது. வேற்று வரப்பில் மாடு மேய்வதை உழவர் பொறுப்பாரா? அந்தக் கண்டிப்பே அவருக்குப் பகையும் ஆயிற்று. கட்சிக்குள் எதிரணி வலுத்தது. 1949 ஏப்ரல் 6இல் அவர் பதவியை விட்டு விலகினார். பூ.ச. குமாரசாமி ராஜா அடுத்த முதலமைச்சரானார்.

ஜமீன் ஒழிப்புச் சட்டம் தலைமை ஆளுநரின் ஒப்புதலோடு அரசிதழில் வெளிவந்ததும் அதே ஏப்ரலில்தான். அப்போது தலைமை ஆளுநராக இருந்தவர் இராஜாஜி. பதினோராண்டுக்கு முன் தம் அமைச்சரவையின் குழு எழுதிய அறிக்கையின் பயனுக்கு அவரே ஒப்பமிட நேர்ந்தது. சட்டத்தைக் கொண்டுவந்தவரோ பதவியில் இல்லை. நில அளவைச் சங்கிலியோடு அலுவலர்கள் ஜமீன் ஊர்களுக்குச் சென்றதும், குடியானவர்கள் பட்டா பெற்றதும் பின்வந்த ஆட்சிகளில் நிகழ்ந்தன. நட்டவர் ஒருவர், அறுவடையின்போது களத்தில் நின்றவர் வேறொருவர்.

ஓமந்தூரார் அதற்காக வருந்திக் காலம் கழிக்கவில்லை. வள்ளலாரின் நெறியில் பற்றுடைய அவர் வடலூருக்குச் சென்றார். அங்கே பள்ளிகளையும் ஆதரவற்றோர்க்கான இல்லத்தையும் வளர்ப்பதில் எஞ்சிய காலத்தைச் செலவிட்டார். 1970 ஆகஸ்டு 25இல் காலமானார்.

சென்னை அண்ணா சாலையில் அரசினர் தோட்டம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்குள்ள பல்நோக்கு மருத்துவமனைக்குக் காஞ்சிபுரம், திண்டிவனம் பகுதிகளிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். பேருந்திலிருந்து இறங்கி, ஓமந்தூரார் மருத்துவமனை எங்கே என்று வழி கேட்கிறார்கள். அவர்களுள் சிலர் வீட்டுத் தகரப்பெட்டியில், பாட்டன் பெயரில் முதன்முதல் வழங்கப்பட்ட பட்டா இன்னும் இருக்கக்கூடும்.