பூச்சிநூற் பேராசிரியர் பப்ரிசியஸ்

சென்ற கோடை விடுமுறையில் சேர்வராயன் மலையடிவாரத்துச் சிற்றூரொன்றில், நண்பரொருவர் இல்லத்தில் யாம் சின்னாள் தங்கியிருந்தோம். ஏற்காட்டுக்கு ஏறும் பாதை வளைந்து வளைந்து மேற்செல்லத் தொடங்குமுன், வலப்பக்கத்தே அவர்கட்கு ஒரு சிறு மல்லிகைத் தோட்டம் உண்டு. ஒருநாட் காலை அரும்பு கொய்வாரோடு யாமும் நின்றபோது, கேடயம் போன்ற உடலும், கருமையும் செம்மஞ்சளும் வெண்மையும் விரவிய நிறமும் உடைய சிறு பூச்சியொன்று கண்ணிற்பட்டது. அதன் அழகில் மயங்கி விரலாற் பற்றினோம். பற்றிய பயனை நண்பகல் வரையிற் கை கழுவிக் கழுவி நுகர்ந்தோம்! தோட்டக்காரப் பெரியவர் நகைத்து, அது நாற்றப்பூச்சியென்றும், அரும்பின் சாற்றை உறிஞ்சிக் கெடுப்பதென்றும், காப்பிச் செடியையும் அது விடாதென்றும் கூறினார்.

விலங்குநூல் பயிலும் எம் நண்பர் அதன் நூற்பெயரை உரைத்தார். ஆண்டெஸ்டியாப்சிஸ் குருசியேட்டா என்பது அப்பெயர். குருசியேட்டா என்பதற்குச் சிலுவைக் குறியுடையது என்று பொருள். இச்சிற்றினத்தை 1775 ஆம் ஆண்டில் முதன்முதல் நூலில் விளக்கிப் பெயரிட்டவர் பப்ரிசியஸ் என்று அவர் சொன்னவுடன் யாம் திகைத்தோம். தமிழ் பயில்வார்க்குப் பப்ரிசியஸ் என்றால் நினைவுக்கு வருபவர் ஒருவரே. 1740 இல் தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர்ச் சென்னையில் நெடுங்காலம் ஊழியம் புரிந்து, வேதாகமத்தைத் தமிழாக்கி, 1779 இல் தமிழ் அகராதியும் வெளியிட்டு, 1791 இல் இறைவனடி சேர்ந்த யோவான் பிலிப்பு பப்ரிசியஸ் ஐயரே அவர். சொற்களைத் தொகுத்த கைகள் பூச்சிகளையும் தொகுத்தனவோ என்று வியந்துகொண்டே கல்லூரி திரும்பி, நூலகத்திற் புகுந்து தேடினோம். எம் வியப்பு வீணாயிற்று. இவர் வேறு, அவர் வேறு. பூச்சிகட்குப் பெயரிட்டவர் ஜான் கிறிஸ்தியான் பப்ரிசியஸ் என்னும் பெயரினர், தமிழ்நாட்டில் அடிவைத்தவரல்லர். ஆயினும் நம் மண்ணோடு அவர்க்கிருந்த தொடர்பு சிறிதன்று. அதனைக் கூறவே இக்கட்டுரை எழுந்தது.

இவர் 1745 ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 7 ஆம் நாள், டேனிய அரசர் ஆட்சியில் இருந்த ஸ்லெஸ்விக் நாட்டில், டொண்டர் என்னும் ஊரில் ஒரு மருத்துவர்க்கு மகனாகப் பிறந்தார். 1762 இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகம் புகுந்தார். அவ்வாண்டிலேயே சோயகா என்னும் உறவினரோடு சுவீடன் நாட்டு உப்சாலா நகரஞ் சென்று, அக்காலத்து இயற்கை நூலோர்க்கெல்லாம் தலைவராய் விளங்கிய லின்னேயஸிடம் ஈராண்டு பயின்றார். ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இருந்த நெருக்கம் படிக்கப் படிக்க இனிப்பது. குளிர்காலத்தில் மாணவர் ஆசிரியர் வீட்டெதிரே குடியிருந்தனர். கோடையில் அவர் தம் நாட்டுப்புற இல்லத்திற்குச் சென்றபோது தாமும் பின்தொடர்ந்து, அண்மையிலுள்ள உழவர் வீட்டில் தங்கினர். லின்னேயஸ் சிவந்த குறுஞ்சட்டையும் பச்சைநிற மயிர்த்தொப்பியும் அணிந்து, கையிற் புகைக்குழலோடு மாணவர் விடுதிக்கு வருவாராம். அரைமணி நேரம் இருப்பதாகச் சொல்லி வந்தவர் இரண்டு மணி நேரம் பேசியிருந்துவிட்டுச் செல்வதும் உண்டாம். பப்ரிசியஸ் முதுமையில் தம் வரலாற்றை எழுதியபோதும் இக்காட்சியை மறந்திலர்.

இத்துணை அன்புடைய ஆசிரியரை அவர் ஒரு செய்தியில் மறுத்தார். லின்னேயஸ் பூச்சிகளைச் சிறகின் இயல்பு நோக்கி ஏழு பெரும்பிரிவாக வகுத்திருந்தார். பப்ரிசியஸ் சிறகை விட்டு வாயை நோக்கினார். ஓருயிர் எதனை உண்கின்றதோ அதற்கேற்ப அதன் வாயுறுப்பு அமைகின்றது. வாயுறுப்பு ஒத்தவை வாழ்முறையிலும் ஒத்திருக்கும். ஆகவே உண்ணுங் கருவியே உறவினை அறிவிக்குங் கருவி என்பது அவர் கொள்கை. தொல்காப்பியனார் மரபியலில் உயிர்களைப் புலனறிவின் தொகை கொண்டு பகுத்து, எறும்பை மூன்றறிவுடையதென்றும் தும்பியை நான்கறிவுடையதென்றும் வைத்த முறை எமக்கு ஈண்டு நினைவுக்கு வந்தது. எதனை அளவுகோலாகக் கொள்வது என்பதிலன்றோ பகுப்பு முழுவதும் அடங்கியிருக்கின்றது! வாயை அளவுகோலாகக் கொண்டதில் ஓரிடர் உண்டு. கடுகளவுள்ள உயிரின் வாயுறுப்பைக் காண்பதற்கு ஆடியும் வேண்டும், பொறுமையும் வேண்டும். உலர்ந்த உடலிற் பிரித்துப் பார்த்தால் உறுப்பே முறிந்துவிடவுங் கூடும். அவர் அதற்கஞ்சினாரல்லர். 1775 இல் வெளிவந்த பூச்சியொழுங்கு நூல் இம்முறையில் அமைந்ததே. நம் மல்லிகைப் பூச்சி பெயர் பெற்றதும் அவ்வாண்டிலேதான்.

அந்நூலுக்குரிய பொருள் எங்கிருந்து கிடைத்தது? பெரும்பகுதி இலண்டன் மாநகரத்திலிருந்து. குக்கு என்னும் மாலுமியோடு 1768 முதல் 1771 வரை உலகைச் சுற்றிவந்த பாங்க்ஸ் பெருமகனார் தொகுத்த பூச்சிகளை ஆராயும் உரிமை இவர்க்குக் கிட்டியது. ஆண்டுதோறும் அல்லாவிடினும், பல கோடைகளில் இவர் இலண்டனுக்குச் சென்று அங்குள்ள தொகுப்புகளைப் பார்த்துக் குறிப்பெழுதினார். ஆங்கில நண்பர்பால் இவர் கொண்ட அன்பினை நேயர்கள் மனத்திற் கொள்க. பின்னர் அது தேவைப்படும்.

மற்றொரு வாயில் நமது தரங்கம்பாடி. லின்னேயஸின் மாணவராகிய கேனிக் என்னும் மருத்துவர், 1768 இல் டேனிய மிஷனுக்கு மருத்துவராகத் தரங்கம்பாடி போந்தார். சோழநாட்டுக் கடற்கரையில் நோயாளரைக் கவனித்த நேரம் போகச் செடிகளையும் பூச்சிகளையும் திரட்டி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். 1785 இல் காக்கிநாடாவுக்கு அண்மையில் காலமாகுங்காறும் அவர் அப்பணியை நிறுத்தவில்லை. 1771 இல் வந்து, 1813 இல் இறக்குமளவும் தரங்கம்பாடியிலேயே ஊழியஞ் செய்த ஜான் ஐயரும் அவ்வாறே அனுப்பினார். பப்ரிசியஸின் இலத்தீன் நூல்களைப் புரட்டினால் பல பூச்சிகளின்கீழ் அவற்றின் வாழிடம் தரங்கம்பாடி என்று எழுதியிருப்பது காணலாம். உலகிலுள்ள பூச்சிநூலோர் அனைவரும் அவ்வூர்ப் பெயரை அறிவர். நம்மவருள் எத்தனை பேர் இதனை அறிவர்?

ஈண்டு ஒன்று சொல்லாமற் போக எமக்கு மனமில்லை. கேனிக்கின் பெயரும் ஜான் ஐயரின் பெயரும் நூலில் ஏறின. ஆயினும் அவ்வளவு பூச்சிகளையும் அவ்விருவருமே வயல்தோறும் ஓடிப் பிடித்திருத்தல் இயலாது. வேலியோரத்திற் பிடித்துக் கொடுத்த சிறுவர், எச்செடியில் எப்பூச்சி இருக்குமென்று காட்டிய உழவர், அவற்றைத் தமிழில் இன்னதென்று சொன்ன பெண்டிர் ஆகியோர் இருந்திருத்தல் வேண்டும். கதிரின் பாலை உறிஞ்சும் பூச்சியைக் கதிர்நாவாய்ப்பூச்சி என்று நம் உழவர் வழங்குகின்றனர். அஃது எத்துணைப் பொருத்தமான பெயர்! அப்பெயர்களுள் ஒன்றேனும் கடல் கடந்திலது. பூச்சி மட்டும் ஊசியிற் குத்தப்பட்டுச் சென்றது.

இனி அவருடைய வாழ்க்கையைப் பார்ப்போம். 1775 இல் கீல் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இயற்கை நூலுக்கும் பொருளியலுக்கும் ஆசிரியராக அமர்ந்தார். காட்சிச்சாலை ஒன்றும் பூந்தோட்டம் ஒன்றும் அமைத்துத் தருவதாகச் சொல்லப்பட்டன, சொல்லளவிலேயே நின்றன. ஊதியமும் குறைவு. பலமுறை பதவியைத் துறக்க முற்பட்டார். மாணவர் வேண்டிக்கொண்டமையால் தங்கினார். மனைவியார் அன்னா செசிலியா எழுத்தாற்றல் உடையவர்; கணவரோடு பல நாடுகளுக்குஞ் சென்றவர். மகளொருத்தி பாரிஸ் நகரில் நேர்ந்த விபத்தொன்றில் இறந்தாள். இத்துணை அல்லலுக்கிடையே நூல்மேல் நூலாக எழுதிக்கொண்டே போனார். 1781, 1787, 1792 முதல் 1794 வரை என ஆண்டுகளை அடுக்கிக்கொண்டு போவதிற் பயனில்லை. ஒரு கணக்கு மட்டும் கூறுவோம். லின்னேயஸ் பெயரிட்ட பூச்சிகள் ஏறக்குறைய 3,000; பப்ரிசியஸ் பெயரிட்டவை 9,776.

உறிஞ்சுமூக்குடைய பூச்சிகளுக்கென்றே அவர் எழுதிய நூல் 1803 இல் வெளிவந்தது. மூட்டைப்பூச்சி முதல் தோட்டத்து நாற்றப்பூச்சி வரையில் எல்லாவற்றையும் லின்னேயஸ் சைமெக்ஸ் என்னும் ஒரே பேரினத்தில் அடக்கியிருந்தார். பப்ரிசியஸ் அக்கூட்டத்தைப் பிரித்தார். மூட்டைப்பூச்சியை வேறிடத்தில் வைத்து, சைமெக்ஸ் என்னும் பெயரை நாற்றப்பூச்சிகளுக்கு விட்டார். பின்னோர் அப்பெயரை மூட்டைப்பூச்சிக்கே மீட்டுக் கொடுத்துவிட்டனர். அந்நூலில் அவர் படைத்த புதுப்பெயர்கள் சில எம்மை வியப்பித்தன. ஹாலிஸ் என்பது சின்ன ஆசியாவில் ஓர் ஆறு. சிட்னஸ் என்பது பவுல் அப்போஸ்தலர் பிறந்த தர்சு பட்டணத்தின் ஊடே ஓடிய ஆறு. பெரிட்டஸ் இன்றைய பெய்ரூத். எடெஸ்ஸாவோ, மயிலாப்பூரிலிருந்து தோமா அப்போஸ்தலரின் எலும்புகள் கொண்டு செல்லப்பட்டனவென்று மரபு கூறும் அதே நகரத்தின் பெயர்!

எடெஸ்ஸா என்னும் பேரினத்துப் பூச்சிகள் அந்நகரத்திலும் இல்லை, நம் நாட்டிலும் இல்லை. அவை அமெரிக்கக் கண்டத்தின் வெப்பநாடுகளில், பிரேசில் முதலியவற்றில் வாழ்வன. இவற்றை அறியும் வகையினைச் சுருங்கச் சொல்வோம். நாற்றப்பூச்சியின் உணர்கொம்பு பெரும்பாலும் ஐந்து கணுக்களையுடையது; முதுகின் நடுவே முக்கோணக் கேடயம் ஒன்று உண்டு; வளர்ந்த பூச்சிக்கு நாற்றச் சுரப்பியின் வாய் மார்பின் பக்கத்தில் திறக்கும். இவை எம் மல்லிகைப் பூச்சிக்கும் பொதுவே. எடெஸ்ஸாவைத் திருப்பிக் கிடத்தினால், மார்பின் அடியில் எழும்பிய தகடொன்று காணப்படும். அதன் முன்முனை இருகிளையாகப் பிரிந்து, உறிஞ்சுமூக்கின் நுனியைத் தன்னகத்தே ஏந்தி நிற்கும். வாளுக்கு உறை போன்றது அது. வாயையே அளவுகோலாகக் கொண்டவர் படைத்த பேரினத்தின் அடையாளம், வாய்நுனி தங்கும் இடத்திலேயே அமைந்தது பொருத்தமன்றோ!

எனினும் குறை கூறாதிருத்தல் நடுநிலையாகாது. பப்ரிசியஸின் விளக்கங்கள் பெரும்பாலும் ஓரிரு வரிகளே. நிறத்தையும் புள்ளியையும் சொல்லி அடுத்ததற்குச் சென்றுவிடுவார். உயிரோடிருக்கும்போது பச்சையாயிருந்த பூச்சி, உலர்ந்தபின் மஞ்சளாகிவிடும். பச்சையென்று அவர் எழுதியதைக் கொண்டு எப்பூச்சியைக் குறித்தாரென்று பின்வந்தோர் எவ்வாறு அறிவர்? எடெஸ்ஸாவில் கிழக்குநாட்டுப் பூச்சிகள் சிலவற்றையும் அவர் சேர்த்திருந்தார். அவை பின்னர் நீக்கப்பட்டன. மற்றொருபுறம் புதியன வந்து குவிந்தன. வேறெங்கும் வைக்க இடமறியாதவற்றையெல்லாம் இதனுள் இட்டு, வீட்டுப் பரண்போல ஆக்கிவிட்டனர். ஏறத்தாழ 300 சிற்றினப் பெயர்கள் அதிற் சேர்ந்தன. இந்நூற்றாண்டில் பிரேசில் நாட்டு ஆராய்ச்சியாளர் அப்பரணை ஒழுங்குசெய்து வருகின்றனர். நிறத்தை நம்பாது, ஆண்பூச்சியின் கடைசிக் கணுவின் வடிவினைப் பூதக்கண்ணாடியில் நோக்கி இனம் பிரித்து, புதுப்பேரினங்களை வகுக்கின்றனர். ஐயம் எழும்போது அவர்கட்கு இறுதிச் சான்றாவது பப்ரிசியஸ் தம் கண்ணால் நோக்கிய அந்தப் பழைய பூச்சியே. ஆதலால் அவர் விட்டுச்சென்ற சொற்களினும் பெட்டிகளே இன்று விலையுயர்ந்தவை என்பது எம் கருத்து.

அவர் 1794 இல் பெயரிட்ட ஒரு சிற்றினம், எடெஸ்ஸா மெடிடபுண்டா, இன்றும் அப்பெயரோடே வழங்குகின்றது. ஆழ்ந்து சிந்திப்பது என்று அதற்குப் பொருள். தக்காளி, உருளைக்கிழங்கு, சோயா மொச்சை ஆகியவற்றின் சாற்றை உறிஞ்சி உழவர்க்கு இழப்பைத் தருவதாகிய அது எதனைச் சிந்திக்கின்றதோ யாம் அறியோம்.

1807 ஆம் ஆண்டு வந்தது. நெப்போலியன் போரினிடையே ஆங்கிலக் கடற்படை கோபன்ஹேகன் நகரைச் சூழ்ந்து, செப்டம்பர்த் திங்களிற் பல நாள் குண்டு பொழிந்தது. தாம் பயின்ற நகரம் எரிந்தது. எரித்தவரோ, எத்தனையோ கோடைகளில் தமக்குத் தம் பெட்டகங்களைத் திறந்து காட்டிய நண்பரின் நாட்டினர். செய்தி கேட்டபோது பாரிஸிலிருந்த அவர் விரைந்து கீலுக்குத் திரும்பினார். முன்னரே நலிந்திருந்த உடல் தேறவில்லை. 1808 மார்ச்சு 3 ஆம் நாள், தமது 63 ஆம் வயதில், கீல் நகரிலேயே உயிர்நீத்தார். அதற்கு முந்திய திங்களில்தான் தரங்கம்பாடிக் கோட்டையும் ஆங்கிலேயர் கைப்பட்டிருந்தது. கடல்வழிச் செய்தி மெதுவாகவே சென்ற காலம் அது. அச்செய்தி சென்று சேருமுன்னரே அவர் கண் மூடிவிட்டார்.