மடலில் வாழ்ந்த இல்லறம்

காதல் கடிதம் என்றதும் நமக்கு நிலவும் மலரும்தான் நினைவுக்கு வரும். வீட்டு வாடகையும் மணியார்டரும் நினைவுக்கு வருவதில்லை. ஆனால், புதுமைப்பித்தன் தம் மனைவிக்கு எழுதிய கடிதங்களைப் படித்தபோது, அன்பு பெரும்பாலும் இத்தகைய சில்லறைச் செய்திகளில்தான் குடியிருக்கிறது என்பதை உணர்ந்தேன்.

சொ. விருத்தாசலம் என்பது அவரது இயற்பெயர். 1906ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார், பூர்வீகம் திருநெல்வேலி. 1932இல் கமலாவைக் கைப்பிடித்தார். பின்னர் எழுத்தையே நம்பிச் சென்னைக்குப் புறப்பட்டார். ‘மணிக்கொடி’ இதழில் கதைகள் வந்தன, பெயரும் வந்தது; பணம் மட்டும் வரவில்லை. ‘தினமணி’ முதலிய பத்திரிகைகளில் உழைத்தும் குடும்பத்தை நிலையாகச் சென்னையில் வைத்துக்கொள்ள வருமானம் போதவில்லை. கமலா பல காலம் திருவனந்தபுரத்தில் பெற்றோர் வீட்டிலேயே தங்க நேர்ந்தது.

இருவரையும் இணைத்தது தபால்தான். உடல்நலம் எப்படி, பணம் எப்போது அனுப்புவேன், எப்போது அழைத்துக்கொள்வேன் என்ற செய்திகளே கடிதங்களை நிறைத்தன. கைக்குழந்தையைப் பறிகொடுத்த துயரத்தில் கூட ஆறுதல் கடிதத்தில்தான் போய்ச் சேர்ந்தது.

தோட்டப்புறத் தமிழர்களாகிய நமக்கு இவர் அந்நியர் அல்லர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குப் பிழைக்கப் போனவர்களின் அவலத்தை 1935இலேயே ‘துன்பக்கேணி’ கதையில் எழுதியவர். எங்கள் ஆயர் தாவார் வட்டாரத்திலும் தோட்டத்தை விட்டுச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன அப்பாக்கள் உண்டு. பணம் கிடைத்ததா, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா, தீபாவளிக்கு வந்துவிடுவேன் என்பவைதான் அவர்கள் வீட்டுக்குச் சொல்லியனுப்பிய செய்திகள். அதற்குக் காதல் என்று யாரும் பெயர் வைத்ததில்லை.

1946இல் மகள் தினகரி பிறந்தாள். குடும்பத்திற்கு ஒரு வழி பிறக்கும் என்று திரைப்படத்துறைக்குச் சென்ற புதுமைப்பித்தன், ‘ராஜமுக்தி’ படத்திற்காகப் புனேயில் தங்கினார். அங்கே காசநோய் முற்றியது. நோயாளியாகத் திருவனந்தபுரம் வந்து சேர்ந்தவர், 1948ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் தம் 42ஆம் வயதில் காலமானார். பணம் சேர்த்துவைக்க முடியாத இருவரையும் நோய்தான் ஒரே ஊரில் சேர்த்தது.

இக்கடிதங்கள் ‘கண்மணி கமலாவுக்கு’ என்ற நூலாக 1994இல் வெளிவந்தன. கமலாவும் கதைகள் எழுதியவரே. ஆயினும் இந்நூலில் நாம் கேட்பது கணவரின் குரலை மட்டுமே. தபாலுக்காகக் காத்திருந்தவரின் நாட்களை நாமே எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது.

எழுத்தாளனின் வறுமையை இலக்கியப் பெருமையாக மேடைகளில் பேசுகிறோம். அந்தப் பெருமைக்குத் தம் இளமையை விலையாகக் கொடுத்தவர் கமலா. நண்பர்களே, இனிப் புதுமைப்பித்தனைக் கொண்டாடும்போது அவரையும் சேர்த்தே நினைவில் கொள்வோம்.