காப்ரித் தீவில் ஒரு மருத்துவர்

மருத்துவர்கள் எழுதிய நூல்களைத் தேடிப் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஆக்செல் முந்தே எனக்கு அறிமுகமானது அப்படித்தான். 1929ஆம் ஆண்டு லண்டனில் வெளிவந்த அவருடைய 'சான் மிக்கேலேயின் கதை' நாற்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் பெயர்க்கப்பட்டது. எனினும் என் மனத்தில் நின்றது அவர் பெற்ற புகழ் அன்று. பிறந்த நாட்டை விட்டு ஒரு தீவில் குடியேறிய மனிதர், அத்தீவு மக்களின் பிழைப்பிலேயே குறுக்கிட்டாரே, அதுதான் நின்றது.

முந்தே 1857இல் சுவீடன் நாட்டின் ஓஸ்கர்ஷாம்ன் என்னும் கடலோர ஊரில் பிறந்தார். உப்சாலாவில் படிக்கும்போது நுரையீரல் நோய் கண்டதால் வெயிலைத் தேடித் தெற்கே புறப்பட்டார். பிரான்சில் படிப்பை முடித்து 1880இல் மருத்துவரானார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, சுமார் பதினெட்டு வயதில், இத்தாலியின் நேப்பிள்ஸ் வளைகுடாவில் இருக்கும் காப்ரித் தீவில் கால் வைத்துவிட்டார். மொத்தமே ஏறக்குறைய பத்துச் சதுர கிலோமீட்டர்தான் அந்தத் தீவு. மேட்டில் அனகாப்ரி என்ற சிற்றூர். 1877இல் சாலை திறக்கப்படும் வரை, பாறையில் வெட்டிய தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் ஏறித்தான் அங்கே போக வேண்டும். படிகளின் உச்சியில் ஒரு முதியவரின் திராட்சைத் தோட்டமும், பக்கத்தில் இடிந்த சிறு தேவாலயமும் இருந்தன. ஒருநாள் இங்கே வீடு கட்டிக் குடியிருப்பேன் என்று அந்த இளைஞர் முடிவு செய்துகொண்டார்.

வீடு கட்டப் பணம் வேண்டுமே! பாரிசிலும் பிறகு ரோமிலும் செல்வந்தர்களுக்கு வைத்தியம் பார்த்தார். ரோமில் அவர் இருந்தது ஆங்கிலக் கவிஞர் கீட்ஸ் உயிர் நீத்த அதே வீடு. பணக்காரர்களிடம் தயங்காமல் வாங்கினார், ஏழைகளிடம் வாங்கவில்லை. 1884இல் நேப்பிள்ஸ் நகரில் காலரா பரவியபோது, பிறர் ஓடிவர, இவர் உள்ளே போனார் என்பது குறிப்பிடத்தக்கது. 1890களின் நடுப்பகுதியில் அந்த இடம் அவருக்குச் சொந்தமாயிற்று.

கட்டட வல்லுநர் எவரையும் அமர்த்தாமல், உள்ளூர்க் கொத்தனார்களை வைத்தே வீட்டை எழுப்பினார். மண்ணைத் தோண்டினால் ரோமானியர் காலத்துப் பளிங்குத் துண்டுகள் கிடைத்தன. திபேரியஸ் பேரரசர் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்த தீவல்லவா அது! கிடைத்தவற்றைச் சுவரிலும் தரையிலும் பதித்தார். பின்னாளில் சுவீடனின் அரசியான விக்டோரியா அவருடைய நோயாளி. அவரும் குளிர்காலங்களில் அனகாப்ரிக்கு வந்து தங்கலானார்.

இனி காடைகளின் கதைக்கு வருகிறேன். வசந்த காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குப் பறக்கும் பறவைகள், கடலைத் தாண்டிய களைப்பில் காப்ரியில் வந்து இறங்கும். அங்கே வலைகள் காத்திருக்கும். பிடிபட்ட காடைகள் உணவுக்காக விற்பனைக்குப் போகும். இது நேற்று முளைத்த தொழில் அன்று. பழங்காலத்தில் காப்ரியின் ஆயருக்கே இதிலிருந்துதான் வருமானம் என்பதால், அவரைக் 'காடைகளின் ஆயர்' என்று அழைப்பார்களாம். வலைக்கு அருகே கூண்டில் ஒரு பறவையை வைப்பார்கள். அது ஓயாமல் கூவி மற்றவற்றை அழைக்க வேண்டும் என்பதற்காக, சூடான ஊசியால் அதன் கண்களைக் குருடாக்கிவிடுவார்கள்.

முந்தேயால் இதைப் பொறுக்க முடியவில்லை. அதிகாரிகளிடம் முறையிட்டும் பயனில்லை. தம் வீட்டுக்கு மேலே இருந்த பார்பரோசா மலைதான் வலை விரிக்கும் முக்கிய இடம். அதை விலைக்குக் கேட்டால் உரிமையாளர் விலையை ஏற்றிக்கொண்டே போனாராம். கடைசியில் மலையை வாங்கிப் பறவைகளுக்குப் புகலிடமாக்கினார். வலை விரித்தவர்களும் ஏழைகள்தாம்; அவர்களுடைய நோய்க்கு மருந்து கொடுத்தவரும் இவர்தாம். காய்ச்சலுக்கு இவரிடம் வந்தவர்களே வேட்டையின்போது இவரை ஏசியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. வந்தேறி ஒருவர், அதுவும் பணம் படைத்தவர், பரம்பரைத் தொழிலில் தலையிடலாமா? நான் இரு பக்கமும் யோசித்துப் பார்த்தேன். அந்த ஊசியை நினைத்தால் முந்தேயின் பக்கமே சாய்கிறேன்.

இதன் பிறகு அவருடைய பார்வையே மங்கத் தொடங்கியது. வெளிச்சத்துக்காகவே கட்டிய வீட்டின் வெளிச்சத்தைக் கண்கள் தாங்கவில்லை. அதே ஊரில் மத்தேரித்தா என்னும் பழைய கோபுர வீட்டின் நிழலுக்குக் குடிபெயர்ந்தார். சான் மிக்கேலேயை வாடகைக்கு விட்டார். வாடகைக்கு வந்த கசாத்தி சீமாட்டியின் ஆடம்பரங்களைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்!

நூல் பிறந்தது இந்த இருளில்தான். அதில் உள்ளதையெல்லாம் அப்படியே நம்பிவிடக் கூடாது. குறளியும் மரணமும் வந்து பேசுகிற நூல் அது. இருமுறை மணம் புரிந்து, இரண்டு ஆண்மக்களைப் பெற்றவர், அவர்களைப் பற்றி அதில் வாய் திறக்கவே இல்லை. இந்த மௌனம் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

காப்ரி முழுவதும் பறவை வேட்டைக்குத் தடை வந்தது 1930களில், சர்வாதிகாரி முசோலினியின் ஆட்சியில். நல்ல காரியம் யார் கையால் நடந்தது என்று பார்த்தால் மனம் சங்கடப்படத்தான் செய்கிறது. முந்தேக்கும் வேறு வழி இருந்திருக்காது.

அறுவை சிகிச்சையால் ஓரளவு பார்வை திரும்பியது. ஆயினும் இரண்டாம் உலகப் போரின் நடுவே தீவை விட்டுச் சுவீடன் திரும்பிய முந்தே, மறுபடி காப்ரியைப் பார்க்கவில்லை. மன்னரின் விருந்தினராக ஸ்டாக்ஹோம் அரண்மனையில் வாழ்ந்து, 1949 பிப்ரவரி 11இல் தமது 91ஆம் வயதில் காலமானார். வீட்டைச் சுவீடன் அரசுக்கு எழுதி வைத்திருந்தார். அது இன்று அருங்காட்சியகம். பார்பரோசா மலையில் பறவை ஆய்வாளர்கள் பணியாற்றுகிறார்கள். வசந்த காலத்தில் அங்கே இன்னமும் வலை கட்டுகிறார்கள். சிக்கும் பறவையை மெல்ல எடுத்து, அளந்து, காலில் சிறு வளையம் மாட்டி, வடக்கு நோக்கிப் பறக்க விட்டுவிடுகிறார்கள்.