3 கிலோ இரும்பை 300 கிராம் ஆக்கியவர்!

திருச்சி மலைக்கோட்டை அடிவாரத்தில் தெப்பக்குளம் இருக்கிறது. அதன் அருகே பழமையான செயின்ட் ஜோசப் கல்லூரி.

1950-ம் ஆண்டு ராமேசுவரத்தில் இருந்து ஒரு மாணவர் அங்கே படிக்க வந்தார். படகுக்காரர் மகன். பெயர் அப்துல் கலாம்.

விடுதியில் ஒரே அறையில் 3 பேர் தங்கினார்கள். ஒருவர் கலாம். இன்னொருவர் ஸ்ரீரங்கத்து அய்யங்கார் வீட்டுப் பிள்ளை, ஆசாரம் மிக்கவர். மூன்றாமவர் கேரளக் கிறிஸ்தவர். மூவரும் ஒற்றுமையாக இருந்தார்கள். கலாம் சைவச் சாப்பாட்டுக்கு மாறியது திருச்சியில்தான். சைவச் சாப்பாட்டுக் கூடத்துக்கு அவரே செயலாளராகவும் ஆனார்!

1954-ல் பி.எஸ்சி. முடித்தார். சென்னை எம்.ஐ.டி.யில் என்ஜினீயரிங் படிக்க இடம் கிடைத்தது. சேருவதற்கு சுமார் ஆயிரம் ரூபாய் வேண்டும். வீட்டில் பணம் ஏது? அக்காள் ஜோஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். தம்பி படித்தார்.

பிறகு நடந்தது நாடறிந்த கதை. 1980-ல் இவர் தலைமையில் உருவான எஸ்.எல்.வி.-3 ராக்கெட், ரோகிணி செயற்கைக்கோளை வானில் சேர்த்தது. 1989-ல் அக்னி ஏவுகணை பறந்தது.

குழந்தைகளின் கால்கள்

ஐதராபாத்தில் கலாமின் ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஒரு நாள் எலும்பு டாக்டர் ஒருவர் வந்தார். ஏவுகணைக்காகச் செய்த ஒரு பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தார். உறுதியான பொருள். ஆனால் பஞ்சு போல லேசு! உடனே கலாமைத் தன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்.

அங்கே இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய குழந்தைகள் இருந்தார்கள். காலில் இரும்புத் தாங்கி. ஒவ்வொன்றும் 3 கிலோவுக்கு மேல். காலை இழுத்து இழுத்து நடந்தார்கள்.

கலாம் திரும்பி வந்தார். 3 வாரத்தில் புதிய தாங்கி தயார். எடை 300 கிராம்! அதை மாட்டிக்கொண்டு குழந்தைகள் ஓடினார்கள். பெற்றோர் கண்ணீர் விட்டார்கள். கலாமுக்கு அது பேரானந்தமாக இருந்தது. பிற்காலத்தில் மாணவர் கூட்டங்களில் இந்தக் கதையைப் பலமுறை சொன்னார்.

அவர் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போடுவார்கள். ஊசி போடும் டாக்டர் அல்ல. ஆனாலும் வைத்தியம் அவரை விடவில்லை. இதய டாக்டர் சோம ராஜுவுடன் சேர்ந்து, ரத்தக் குழாய் அடைப்புக்கு வைக்கும் 'ஸ்டென்ட்' என்ற சிறு குழாயைக் குறைந்த செலவில் உருவாக்கினார்.

கம்பியில்லாமல் போகும் துடிப்பு

பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் வகுப்பில் 0, 1 என்ற எண்களைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எதற்கு என்று பிள்ளைகள் விழிப்பதும் உண்டு. நோயாளியின் இதயத் துடிப்பையும் அந்த 2 எண்களாக மாற்றலாம். எக்ஸ்ரே படத்தையும் மாற்றலாம். செயற்கைக்கோள் அதைச் சுமந்து போகும். எங்கோ இருக்கும் பெரிய டாக்டர் திரையில் பார்த்து மருந்து சொல்வார். இதுதான் தொலை மருத்துவம். பஸ் போகாத ஊரில் இருப்பவருக்கு இது உயிர்ப் பிரச்சினை.

2002-ல் கலாம் ஜனாதிபதி ஆனார். 2004-ல் தென்னாப்பிரிக்கா போனார். ஆப்பிரிக்க நாடுகளின் ஆஸ்பத்திரிகளையும் கல்லூரிகளையும் இந்தியாவோடு இப்படி இணைக்கலாம் என்று யோசனை சொன்னார். 2009-ல் அது நடைமுறைக்கு வந்தது. வைத்தியமும் பாடமும் ஒரே வழியில் போயின!

2012-ல் கலாமும் சோம ராஜுவும் மீண்டும் கைகோத்தார்கள். கிராமத்துச் சுகாதார ஊழியருக்காக, கையில் எடுத்துப்போகும் கம்ப்யூட்டர் ஒன்றை உருவாக்கினார்கள். அடிபட்டாலும் எளிதில் கெடாதபடி அதைச் செய்தார்கள்.

இத்தனைக்கும் நடுவில் பள்ளிப்பிள்ளைகளைச் சந்திப்பதை அவர் விடவில்லை. ஊர் ஊராகப் போனார். கேள்வி கேளுங்கள் என்று தூண்டினார்.

2015 ஜூலை 27. வயது 83. ஷில்லாங்கில் மாணவர்கள் முன்னால் பேசிக்கொண்டிருந்தபோதே சாய்ந்தார். 3 நாள் கழித்து ராமேசுவரத்தை அடுத்த பேக்கரும்பில் உடல் அடக்கம் செய்யப்பட்டது.