பயத்தை இரத்தத்தில் கண்டவர்

கோயில் திருவிழாவில் வெடி கொளுத்தினால் இன்றும் எனக்கு நெஞ்சு படபடக்கும். பங்கர் எங்கே என்று கண் தேடும். பிரசருக்குக் குளிசை எடுக்கத் தொடங்கிய பிறகுதான், இந்தப் படபடப்புக்கும் இரத்த அழுத்தத்துக்கும் என்ன தொடர்பு என்று தேடிப் படித்தேன். அப்போதுதான் வோல்டர் கனன் என்ற அமெரிக்க உடற்றொழிலியலாளரை அறிந்தேன்.

1871இல் விஸ்கொன்சின் மாநிலத்தில் பிறந்தவர் அவர். ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கும்போது, புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டிருந்த எக்ஸ்-கதிர் மூலம் பூனைகளின் இரைப்பை அசைவை ஆராய்ந்தார். பூனை கலவரப்பட்டதும் அந்த அசைவு நின்றது. சோதனை குழம்பிவிட்டது என்று அவர் விட்டுவிடவில்லை, காரணத்தைத் தேடினார். 1911இல், நாய் குரைத்து மிரண்ட பூனைகளின் இரத்தத்தில் அட்ரினலின் கலந்திருப்பதைத் தன் சக ஆய்வாளருடன் சேர்ந்து காட்டினார்.

ஆபத்தை உணர்ந்ததும் மூளை நரம்புகள் வழியாகச் சிறுநீரகங்களுக்கு மேலுள்ள சுரப்பிகளைத் தூண்டுகிறது. அங்கிருந்து அட்ரினலின் இரத்தத்தில் இறங்குகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, குடலுக்குப் போகும் குழாய்கள் சுருங்குகின்றன, அழுத்தம் ஏறுகிறது. ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடல் ஆயத்தமாகிறது. இதை விளக்கும் அவரது நூல் 1915இல் வெளிவந்தது.

இரண்டு ஆண்டுகளில் போர் அவரையும் அழைத்தது. 1917இல் பிரான்சுக்குச் சென்று காயக்காரர் நடுவில் வேலை செய்தார். அங்கே அவர் கண்டது எதிர்மாறானது: அதிர்ச்சியில் அழுத்தம் விழுந்து உயிர் போவதை. இரத்தம் அமிலமாவதே காரணம் என அவர் நினைத்தார். அது முழுவதும் சரியில்லை. இரத்த இழப்பே முதன்மைக் காரணம் என்பது பின்னர் தெளிவானது. பின்னாளில் ஸ்பானிய உள்நாட்டுப் போரில் குடியரசுத் தரப்புக்கு மருத்துவ உதவி திரட்டவும் முன்னின்றார். 1945இல் காலமானார்.

அவருக்குப் பின் வந்தவர்கள் மூளையின் ஹோர்மோன் வழிகளை மேலும் விளக்கினார்கள். மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலமஸ், பிட்யூட்டரி சுரப்பி வழியாகக் கோர்ட்டிசோலைச் சுரக்கவைக்கிறது. வாசோபிரசின் உடலில் நீரைத் தேக்குகிறது. ஆஞ்சியோடென்சின் இரத்தக் குழாய்களை இறுக்குவதோடு மூளையிலும் வேலை செய்கிறது. எங்களில் பலர் விழுங்கும் குளிசைகள் சில இந்த ஆஞ்சியோடென்சினைத்தான் தடுக்கின்றன.

பயம் மட்டுமே பிரசரைக் கொண்டுவருவதில்லை. உப்பு, பரம்பரை, சிறுநீரகம், உடற்பருமன் எல்லாம் சேரும். ஆனால் கனன் விளக்கிய ஆயத்தம் சிறிது நேரத்துக்கானது. ஆபத்து போனதும் அது அடங்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஷெல்லுக்கும் விமானத்துக்கும் காது கொடுத்துப் பழகிய உடல் அவ்வளவு இலகுவில் அடங்குவதில்லை.

முன்பு என் படபடப்பைக் கோழைத்தனம் என்று மறைத்தேன். இப்போது கிளினிக் கொப்பியோடு போகும்போது, இரவில் நித்திரை வராததையும் வைத்தியரிடம் சொல்கிறேன். குளிசையையும் நிறுத்தவில்லை.