எண்ணெய்க்குப் பெயர் தந்த மேதை

டீசல் என்றதும் லாரியும் பஸ்சும் நினைவுக்கு வரும். அவை கக்கும் கறுப்புப் புகையும் நினைவுக்கு வரும்.

ஆனால் டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர்! எரிபொருளை வீணாக்காத என்ஜின் ஒன்றைச் செய்ய வேண்டும் என்று பாடுபட்டவர் அவர். முழுப் பெயர், ருடால்ப் டீசல்.

ஊர் விட்டு ஊர்

1858-ம் ஆண்டு மார்ச் 18-ந் தேதி, பாரீஸ் நகரில் டீசல் பிறந்தார். பெற்றோர் ஜெர்மானியர்கள். தந்தை தோல் பொருட்கள் செய்து பிழைத்து வந்தார்.

1870-ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. பாரீசில் இருந்த ஜெர்மானியர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. டீசல் குடும்பம் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே வறுமை வாட்டியது. 12 வயதுச் சிறுவனான டீசல், ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அந்த உறவினர் ஒரு கணக்கு வாத்தியார்.

டீசல் படிப்பில் புலி. உதவிச் சம்பளம் பெற்று மியூனிக் நகரில் பொறியியல் படித்தார். 1880-ல் மிகச் சிறப்பாகத் தேறினார்.

நூற்றில் பத்து

அந்தக் காலத்தில் எல்லாம் நீராவி என்ஜின்தான். 100 பங்கு சூட்டில் ஏறக்குறைய 10 பங்குதான் வேலைக்குப் பயன்பட்டது. மீதி எல்லாம் வீண். இதைக் கல்லூரியில் கேட்ட நாள் முதல் டீசலுக்கு அதே சிந்தனை.

சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பு சுடுகிறது அல்லவா? காற்றை அழுத்தினால் சூடு ஏறும். மிகவும் அழுத்தினால், எரிபொருள் தானாகவே பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சூடாகும். தீப்பொறி தேவை இல்லை. இதுதான் டீசலின் யோசனை. 1893-ல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது.

வெடித்தது!

அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையில் முதல் சோதனை நடந்தது. உள்ளே எரிபொருள் பற்றியதும் வெடித்தது. அழுத்தம் காட்டும் கருவி சிதறிப் பறந்தது. டீசல் நூலிழையில் உயிர் தப்பினார்.

அவர் மனம் தளரவில்லை. 1894 பிப்ரவரியில் என்ஜின் தன் சக்தியால் சுமார் ஒரு நிமிடம் ஓடியது. ஆனால் எண்ணெய் காற்றோடு நன்றாகக் கலந்தால்தான் ஒழுங்காக எரியும். அதற்கு வழி தேடி மேலும் மூன்று ஆண்டுகள் போராடினார். முடிவில், அழுத்திய காற்றைக் கொண்டு எண்ணெயைப் பனித்துளிபோல் சிதற அடித்தார்.

1897 பிப்ரவரி 17-ந் தேதி பேராசிரியர் ஒருவர் முறைப்படி சோதித்துப் பார்த்தார். 100 பங்கு சூட்டில் 26 பங்கு வேலைக்குப் பயன்பட்டது. டீசல் வென்றுவிட்டார்!

1900-ல் பாரீஸ் பொருட்காட்சியில், கடலை எண்ணெயில் ஒரு டீசல் என்ஜின் ஓடியது. 1912-ல் டென்மார்க் நாட்டின் செலாண்டியா என்ற கப்பல் டீசல் என்ஜினுடன் கடற்பயணம் புறப்பட்டது. அதில் நீராவிக் கப்பல்போல் பெரிய புகைபோக்கி இல்லை. ஜனங்கள் அதிசயித்தார்கள்.

கடலில் மறைந்தார்

புகழ் வந்தது. பணமும் வந்தது. ஆனால் பணம் நிற்கவில்லை. வழக்குகளும், நஷ்டத்தில் முடிந்த முதலீடுகளும் அவரைக் கடனில் தள்ளின. உடல்நிலையும் கெட்டது.

1913 செப்டம்பர் 29-ந் தேதி இரவு, பெல்ஜியத்தில் இருந்து இங்கிலாந்துக்குக் கப்பலில் புறப்பட்டார். காலையில் அவர் அறையில் இல்லை. சில நாட்கள் கழித்துக் கடலில் ஓர் உடல் மிதந்தது. அதில் இருந்து எடுத்த பொருட்களை அவருடைய மகன் அடையாளம் கண்டார். தற்கொலையா, விபத்தா, கொலையா? இன்றுவரை விடை இல்லை. அவருக்கு வயது 55.

புகை ஏன்?

அவர் இறந்த பிறகு, டீசல் என்ஜின் லாரிக்கும் பஸ்சுக்கும் வந்தது. புகையும் கூடவே வந்தது.

பாரம் ஏற்றிய லாரி மேட்டில் ஏறும்போது என்ஜினுக்குள் எண்ணெய் அதிகம் போகிறது. அதை எரிக்கக் காற்று போதவில்லை. எண்ணெய்த் துளி பாதி எரிந்து கரியாகிறது. அதுதான் கறுப்புப் புகை. அந்தக் கரித்தூள் மிகவும் நுண்ணியது. மூச்சோடு நுரையீரலின் ஆழத்துக்கே போய்விடும். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று 2012-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு அறிவித்தது.

சரி, சூட்டைக் கூட்டி நன்றாக எரித்தால் என்ன? கரி குறையும். ஆனால் அந்தச் சூட்டில் காற்றில் உள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து வேறொரு நச்சு வாயு பிறக்கும். ஒன்றை அடக்கினால் மற்றொன்று தலைதூக்கும்!

இந்தச் சிக்கலில் சிலர் குறுக்கு வழியில் போனார்கள். சோதனையின்போது மட்டும் நச்சு வாயுவைக் குறைத்துக் காட்டும் தந்திரத்தைத் தன் டீசல் கார்களில் வைத்திருந்த வோல்க்ஸ்வாகன் நிறுவனம், 2015-ல் அமெரிக்காவில் பிடிபட்டது. உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்கள் இதில் சிக்கின.

நேர் வழியும் உண்டு. புகைக் குழாயில் வடிகட்டி வைத்தால் கரித்தூள் தங்கிவிடும். யூரியா கரைசலைத் தெளித்தால், நச்சு வாயு சாதாரண நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாறிவிடும். இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் புதிய வண்டிகளுக்குக் கடுமையான புகை விதிகள் வந்துள்ளன. எண்ணெயில் உள்ள கந்தகமும் வெகுவாகக் குறைக்கப்பட்டது.

எண்ணெய் முழுவதும் எரிந்தாலும் கரியமில வாயு வரத்தான் செய்யும். ஆகவே குறைந்த எண்ணெயில் நிறைந்த வேலை என்பதும் முக்கியம். அந்தப் பாதிக் கணக்கை டீசல் போட்டுக் கொடுத்தார். புகை இல்லாமல் எரிப்பது என்ற மறுபாதியை, அவருக்குப் பின் வந்தவர்கள் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.